வேரோனிக்கா வாங்கிய துவக்கு

சீமோனின் வீட்டைக் கள்ளர் உடைத்தது தொண்ணூற்றைந்தாம் ஆண்டில், பனி கரைந்து புல் தலைகாட்டத் தொடங்கிய நாட்களில். அவனும் மனைவி வேரோனிக்காவும் மிசிசாகாவில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார்கள். வெக்ஸ்போர்ட்டில் இருந்த தங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால் பேஸ்மென்ற் யன்னல் கண்ணாடி உடைந்து கிடந்தது. வீடியோ டெக் இல்லை. சீமோன் ஆசையாக வாங்கிய தோல் ஜக்கற் இல்லை. குசினி மேசையில் மூடி வைத்திருந்த மீன் கட்லட் ஒன்றுகூட இல்லை. ஆனால் கட்லட் இருந்த தட்டு மட்டும் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

வேரோனிக்கா அந்தத் தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கலியாணம் கட்டி இருபது வருசமாய் இந்த வீட்டிலை ஒரு ஆம்பிளை செய்யாததைக் கள்ளன் செய்திருக்கிறான்," என்றாள்.

சீமோனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் நகர மத்தியில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். ஆள் கட்டை, குரல் பெரிது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு இவ்வளவு காலமும் யாருக்கும் பயப்படாமல் வாழ்ந்துவிட்டான். இப்போது யாரோ முகம் தெரியாதவன் அவனுடைய குசினியில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"நான் துவக்கு வாங்கப் போறன்," என்றான்.

"என்னத்துக்கு?"

"இனி ஒருத்தன் உள்ளை வரட்டும் பாப்பம்."

"வந்தால்?"

"வந்தால் துவக்கைக் காட்டுவன்."

"துவக்கைக் காட்டினால் பிறகு அவன் தட்டுக் கழுவமாட்டான்."

இரண்டு நாளில் மறந்துவிடுவான் என்றுதான் வேரோனிக்கா நினைத்தாள். ஆனால் அவன் துப்பாக்கி விற்கிற வேட்டைச் சாமான் கடையொன்றின் விலைப்புத்தகத்தைக் கொண்டுவந்து, வேதாகமம் வாசிப்பதுபோல் சோபாவில் இருந்து வாசிக்கத் தொடங்கினான். அவள் அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்த நாங்கள். இப்ப நீங்களே போய் வாங்கப் போறியளோ?"

"அண்டைக்கு அது மற்றவன்ரை கையிலை இருந்தது. இப்ப என்ரை கையிலை இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்."

வேரோனிக்கா குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை செய்தாள். அடம்பிடிக்கிற பிள்ளையின் கையில் இருப்பதைப் பறிக்கக் கூடாது, பக்கத்தில் இருந்து தானும் விளையாட வேண்டும் என்பது அவள் தொழிலில் கற்றது. விசாரித்துப் பார்த்தாள். இந்த நாட்டில் நினைத்தவுடன் துவக்கு வாங்க முடியாது, முதலில் பாதுகாப்பு வகுப்பு, பிறகு சோதனை, அதற்குப் பிறகு பொலிஸ் விசாரித்துத் தரும் அனுமதிப் பத்திரம் என்று சொன்னார்கள். அவள் வகுப்புக்கு இரண்டு பெயர்களைப் பதிந்துவிட்டு வந்தாள்.

"நீ ஏன்?" என்றான் சீமோன்.

"வீட்டிலை துவக்கு இருந்தால் அதைப் பற்றித் தெரிஞ்ச ஆள் ஒண்டாவது இருக்க வேணும்."

ஒட்டாவாவில் படித்துக்கொண்டிருந்த மகள் அன்ரனெற்றுக்கு ரெலிபோனில் விஷயம் போனது. "அம்மா, ஆர் யூ சீரியஸ்?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் ரிசீவரை வைத்துவிட்டாள்.

வகுப்பு ஒரு சமூக மண்டபத்தில் நடந்தது. வேட்டைக்குப் போகிற தாடிக்காரர்கள் சிலரும், தகப்பனோடு வந்த இளைஞர்கள் சிலரும் இருந்தார்கள். படிப்பித்தவர் மிஸஸ் கோவால்ஸ்கி என்ற போலந்துக்காரி. அறுபது தாண்டியவர், தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார். ஒவ்வொருவரும் எதற்காக வந்தார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார். மான் என்றார்கள், வாத்து என்றார்கள். சீமோனின் முறை வந்தது.

"கள்ளருக்கு," என்றான் சீமோன், தன் பெரிய குரலில்.

மிஸஸ் கோவால்ஸ்கி கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார்.

"கள்ளரைச் சுடுவதற்கென்று அனுமதி தரமாட்டார்கள். கள்ளருக்கென்றால் நாய் வாங்குங்கள், நல்ல பூட்டு வாங்குங்கள். துவக்கைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிறவன் கள்ளனைச் சுடுவதில்லை. தண்ணீர் குடிக்க எழும்பின மனைவியைத்தான் சுடுவான்."

எல்லோரும் வேரோனிக்காவைப் பார்த்தார்கள். அவள் சீமோனிடமிருந்து தன் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். தாடிக்காரர்கள் சிரித்தார்கள்.

"நீங்கள் எதற்கு வந்தீர்கள்?" என்று மிஸஸ் கோவால்ஸ்கி அவளைக் கேட்டார்.

"எனக்கு இன்னும் தெரியாது. படித்துவிட்டுச் சொல்கிறேன்," என்றாள் வேரோனிக்கா, தன் உடைந்த ஆங்கிலத்தில்.

அந்தப் பதில் மிஸஸ் கோவால்ஸ்கிக்குப் பிடித்துவிட்டது.

எந்தத் துவக்கையும் வெடி நிரம்பியது என்றே நினைக்க வேண்டும். குழலை ஆளுக்கு நேரே திருப்பக் கூடாது. சுடும் கணம்வரை விசையில் விரல் போகக் கூடாது. வேறு யாரும் வெறுமையென்று சொன்னாலும் நம்பாமல் தானே திறந்து பார்க்க வேண்டும். வீட்டில் துவக்கு ஒரு பூட்டுக்குள், தோட்டா இன்னொரு பூட்டுக்குள். மிஸஸ் கோவால்ஸ்கி இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சீமோன் கொட்டாவி விட்டான். "உது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்," என்று தமிழில் முணுமுணுத்தான்.

வேரோனிக்காவின் கையில் முதன்முதலாக ஒரு துவக்கு வந்தது. வெறுமையானது, பழையது. ஊரில், சண்டைக் காலத்தில், அவள் துவக்கை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள். குழலின் ஓட்டைப் பக்கத்திலிருந்து. பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கியபோதும், வீட்டைச் சோதித்தபோதும், தேவாலய வாசலிலும். இன்றுதான் மற்றப் பக்கத்திலிருந்து பார்க்கிறாள். சொன்னபடி திறந்து உள்ளே பார்த்தாள். ஒரு கம்பிச்சுருள், ஓர் ஊசி, கொஞ்சம் எண்ணெய், மரப்பிடி. தையல் மெசினுக்குள் இதைவிடக் கூடச் சாமான் இருக்கும்.

"இவ்வளவுதானோ?" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

இடைவேளையில் மிஸஸ் கோவால்ஸ்கி தன்னுடைய பொழுதுபோக்கைப் பற்றிச் சொன்னார். ஒரு மெசின் மண்தட்டை வானத்தில் எறியும், அது விழுவதற்குள் சுட்டு நொறுக்க வேண்டும்.

"ஒருவரும் சாக மாட்டார்களா?"

"தட்டு மட்டும்."

"அப்படியென்றால் எனக்கு அது பிடிக்கும்," என்றாள் வேரோனிக்கா.

சோதனை வந்தது. எழுத்தில் இருவரும் பாஸ். செயல்முறையில், மேசையில் கிடந்த துவக்கை எடுத்துச் சோதித்துக் காட்ட வேண்டும். சீமோன் அதை ஹோட்டலில் வாணலியைத் தூக்குகிற மாதிரி ஒரு கையால் தூக்கினான். ஏதோ சந்தேகம் கேட்பதற்காக அப்படியே மிஸஸ் கோவால்ஸ்கியின் பக்கம் திரும்பினான். குழலும் அவனோடு சேர்ந்து திரும்பி அவர் மூக்குக்கு நேரே நின்றது. விரல் விசையில் இருந்தது.

"மிஸ்டர் சீமோன், நான் செத்துவிட்டேன்," என்றார் மிஸஸ் கோவால்ஸ்கி. "துவக்கைக் கீழே வையுங்கள். அடுத்தவர்."

அடுத்தவர் வேரோனிக்கா. அவள் ஒரு பிழையும் விடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், குறுக்கே வந்த கார்க்காரனைக்கூடச் சீமோன் ஏசவில்லை. வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் வாயைத் திறந்தான். "அந்த மனுசிக்குத் தமிழரைப் பிடிக்காது," என்றான்.

"நானும் தமிழ்தானே, அப்பா," என்றாள் வேரோனிக்கா.

மண்தட்டுச் சுடுவதற்கென்று எழுதி, பத்திரத்துக்கு வேரோனிக்கா தனியாக விண்ணப்பித்தாள். சீமோன் தடுக்கவில்லை, உதவவுமில்லை. ஒரு பின்னேரம் ரெலிபோன் அடித்தது. சீமோன் எடுத்தான். பொலிஸ் நிலையத்திலிருந்து ஒருவர் மரியாதையாகக் கேட்டார்: உங்கள் மனைவி துவக்கு வைத்திருப்பதில் உங்களுக்கு ஏதாவது அச்சம் உண்டா? ஏதேனும் ஆட்சேபனை?

சீமோனின் முகத்தில் வெளிச்சம் வந்தது. இவ்வளவு நாளும் தான் இழந்துவிட்டதாக நினைத்த அதிகாரம் முழுக்க ஒரு ரெலிபோன் வயரில் திரும்பி வந்திருக்கிறது. "ஒரு நிமிஷம், சேர்," என்று சொல்லிவிட்டு ரிசீவரைக் கையால் பொத்தினான்.

"பொலிஸ். உனக்குத் துவக்கு குடுக்கலாமோ எண்டு என்னைக் கேக்கினம்."

வேரோனிக்கா அகப்பையோடு குசினியிலிருந்து வந்தாள். "குடுக்கலாம் எண்டு சொல்லுங்கோவன்."

"சொல்லலாம். கராஜிலை நான் சிகரெட் பத்திறதைப் பற்றி இனி இந்த வீட்டிலை ஒரு கதையும் இருக்கக் கூடாது."

"அந்த மனுசன் லைனிலை நிக்கிறார்!"

"நிக்கட்டும். பொலிஸ்தானே, சம்பளம் கிடைக்கும். சிகரெட்?"

"சரி, பத்தித் துலையுங்கோ!"

"ஞாயிற்றுக்கிழமையிலை நண்டு."

"எல்லா ஞாயிறும் ஏலாது!"

"அப்ப நானும் யோசிச்சுத்தான் சொல்லுவன்."

"விசர்க்கதை கதையாமல் ஓமெண்டு சொல்லுங்கோ!" என்று வேரோனிக்கா அகப்பையால் சுவரில் ஒரு தட்டுத் தட்டினாள்.

நண்டு மாதத்தில் இரண்டு ஞாயிறு என்று முடிவானது. சீமோன் கையை எடுத்தான். "நோ ப்ராப்ளம், சேர். வெரி நைஸ் லேடி."

சீமோனின் கை பெரியதுதான். ஆனால் அந்தக் கையைத் தாண்டி, விளங்காத மொழியில் ஆணும் பெண்ணும் கத்துவதும், பிறகு எதையோ எதிலோ அடித்த சத்தமும் மறுமுனைக்குப் போயிருந்தன. அடுத்த நாள் பொலிஸ் கார் வீட்டு வாசலில் வந்து நின்றது.

வந்தவர்கள் இருவர், ஒரு ஆணும் ஒரு பெண்ணும். ஆண் பொலிஸ் குசினியில் வேரோனிக்காவோடு இருந்துகொண்டார். பெண் பொலிஸ் சீமோனைத் தனியாகப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுக் கிரேக்கர் வேலிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீட்டில் நீங்கள் பாதுகாப்பாக உணர்கிறீர்களா?" என்று பெண் பொலிஸ் மென்மையாகக் கேட்டார்.

இப்படியொரு கேள்வியைத் தன் வாழ்க்கையில் யாரும் தன்னிடம் கேட்பார்கள் என்று சீமோன் நினைத்திருக்கவில்லை.

"உங்கள் மனைவியைக் கண்டு பயப்படுகிறீர்களா? உண்மையைச் சொல்லலாம்."

"எவ்ரி டே," என்றான் சீமோன். "ஆனால் அதற்கு அவளுக்குத் துவக்கு தேவையில்லை."

பகிடியாகத்தான் சொன்னான். பெண் பொலிஸ் சிரிக்காமல் அதை எழுதத் தொடங்கியதும் அவனுக்கு வியர்த்தது. உடனே எல்லாவற்றையும் சொன்னான். கட்லட், தட்டு, போலந்துக்காரியின் மூக்கு, சிகரெட், நண்டு. சொல்லி முடித்தபோது பெண் பொலிஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். தோள்கள் மட்டும் குலுங்கின.

உள்ளே ஆண் பொலிஸ் இரண்டாவது மட்டன் ரோலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துவக்கு வைக்கும் இரும்பு அலுமாரியைப் படுக்கையறைச் சுவரில் எந்த இடத்தில் ஆணி இறுக்கி வைப்பது, தோட்டாப் பெட்டியை எங்கே வைப்பது என்று வேரோனிக்கா காட்டினாள். "என்னுடைய வீட்டில்கூட இவ்வளவு ஒழுங்கில்லை," என்றார் அவர்.

பத்திரம் வந்தது. இரும்பு அலுமாரியும் பூட்டுகளும் முதலில் வந்தன. இரண்டு குழல் வைத்த பழைய வேட்டைத் துவக்கு ஒன்று கடைசியாக வந்தது. அந்தப் பூட்டுகளின் திறப்புகளை வேரோனிக்கா தாலிக்கொடியில் கோர்த்துக்கொண்டாள்.

"எனக்கொரு திறப்பு?" என்றான் சீமோன்.

"உங்களிட்டைப் பத்திரம் இருக்கோ?"

"புருசனெண்ட பத்திரம் இருக்கு."

"அது இந்தப் பூட்டுக்குச் சரிவராது."

வீட்டில் துவக்கு இருக்கிறதென்று வெளியில் வாய் திறக்கக் கூடாது, அது கள்ளனுக்கு அழைப்பு அனுப்புகிற மாதிரி என்று மிஸஸ் கோவால்ஸ்கி படிப்பித்திருந்தார். சீமோன் அந்த வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். டோனட் கடையில் கோப்பி குடிக்கும்போது, "நாங்கள் வீட்டிலை ஒரு சாமான் வைச்சிருக்கிறம்," என்று இரண்டொருவரிடம் மெல்லிய குரலில் சொன்னான். அவனுடைய மெல்லிய குரல் அடுத்த மேசைக்கும் கேட்கும். செய்தி கிழக்கே விட்பி வரைக்கும் போய், சீமோனின் சித்தப்பா மகன் அன்புராசாவின் காதில் விழுந்தது.

ஒரு ஞாயிறு காலை சீமோனும் வேரோனிக்காவும் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தார்கள். புதிதாகப் போட்ட பேஸ்மென்ற் யன்னல் திறந்து கிடந்தது. இருவரும் வாசலில் நின்றுவிட்டார்கள். உள்ளே மாடியில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. ஒரு கதவு சாத்துப்பட்டது.

சீமோன் கையை நீட்டினான். "வேரோனி, திறப்பைத் தா."

"என்னத்துக்கு?"

"துவக்கை எடுக்க!"

"துவக்கு உள்ளை. கள்ளனும் உள்ளை. நீங்கள் வெளியிலை நிக்கிறியள். அவனைக் கேட்டு எடுத்துத் தரச் சொல்லுவமோ?"

"அப்ப உதை என்னத்துக்கு வாங்கினது?" சீமோன் கராஜ் பக்கம் ஓடி, பனி அள்ளும் சவளை எடுத்துக்கொண்டு வந்தான். வேரோனிக்கா அவன் சட்டைக் கொலரைப் பிடித்தாள். காப்பகத்தில் ரோட்டுப் பக்கம் ஓடும் பிள்ளையைப் பிடிக்கிற அதே பிடி. இழுத்துக்கொண்டு போய்க் கிரேக்கர் வீட்டு மணியை அடித்தாள். அங்கிருந்து பொலிசுக்கு அழைத்தாள். அழைத்தவுடன் சொன்ன முதல் விஷயம், வீட்டுக்குள் ஒரு துவக்கு இருக்கிறது, பூட்டியிருக்கிறது, திறப்பு என் கழுத்தில் இருக்கிறது என்பதுதான்.

கார்கள் வந்தன. முதல் காரிலிருந்து இறங்கியது அதே பெண் பொலிஸ். ஒலிபெருக்கியில் உள்ளே இருப்பவரை வெளியே வரச் சொன்னார்கள். பிறகு தண்ணீர் சோவென்று பாயும் சத்தம் கேட்டது. முன்கதவு மெல்லத் திறந்தது. ஒருவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு வெளியே வந்தான். பெல்ட் பூட்டப்படாமல் தொங்கியது. கையை இறக்கினால் சுட்டுவிடுவார்களோ என்று பயம், உயர்த்தினால் காற்சட்டை இறங்கிவிடுமோ என்று பயம். முழங்கால்களை ஒட்டிவைத்துக்கொண்டு நடந்தான்.

"சுடாதேங்கோ! மச்சாள், நான் அன்புராசா! வேரோனிக்கா மச்சாள்!"

"இந்த ஆளைத் தெரியுமா?" என்று பெண் பொலிஸ் சீமோனைக் கேட்டார்.

வேரோனிக்காதான் சொன்னாள். "தெரியும். கணவரின் தம்பி. கள்ளனில்லை, மடையன்."

நடந்தது இதுதான். துவக்கைப் பார்க்கிற ஆசையில் அன்புராசா விட்பியிலிருந்து ரயிலேறி, பஸ் மாறி வந்திருக்கிறான். வழி முழுக்க அடக்கிக்கொண்டு வந்தவனுக்கு, மணியடித்து ஒருவரும் திறக்காதபோது வேறு வழி தெரியவில்லை. பேஸ்மென்ற் யன்னலைத் தள்ளினான், அது திறந்தது.

பொலிஸ் போன பிறகு மூவரும் குசினியில் இருந்தார்கள். அன்புராசா தேநீரை ஊதி ஊதிக் குடித்தான்.

"சொல்லிப்போட்டு வந்திருக்கலாமே, அன்புராசா," என்றாள் வேரோனிக்கா.

"சப்ரைஸா வருவம் எண்டு பாத்தனான், மச்சாள்."

சீமோன் மாடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேலை பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது," என்றான், மிக மெல்லிய குரலில். இந்தத் தடவை அது உண்மையிலேயே மெல்லிய குரல். "துவக்கு என்ரை கையிலை இருந்திருந்தால், ஆரெண்டும் கேட்டிருக்கமாட்டன். கதவோடையே சுட்டிருப்பன்."

அன்புராசா கோப்பையை வைத்துவிட்டுத் தன் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்தான்.

"அப்ப அந்தச் சாமானைக் காட்டமாட்டியளோ, மச்சாள்?"

"மாட்டன்."

அன்று பின்னேரம் அண்ணனும் தம்பியுமாகப் பேஸ்மென்ற் யன்னலுக்குத் தடித்த கொளுக்கி போட்டார்கள். சீமோன் தானாகவே கிரேக்கரிடம் போய், நாங்கள் இல்லாத நேரம் வீட்டை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தான். கிரேக்கர் தான் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருப்பதாகச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை மிஸஸ் கோவால்ஸ்கி அவர்களைத் தன்னுடைய கழகத்துக்கு வரச் சொன்னார். அது விட்பிக்கும் அப்பால், வயல்களுக்கு நடுவில் ஒரு பெரிய புல்வெளி. துவக்கு பூட்டோடு காரின் பின்பெட்டியில் வந்தது. சீமோனுக்குத் தோட்டாப் பையைச் சுமக்கிற வேலை. ஓய்வு நேரத்தில் அவனுக்குத் திரும்பவும் வகுப்பு எடுக்க மிஸஸ் கோவால்ஸ்கி சம்மதித்திருந்தார். தன் மூக்குக்குக் காப்புறுதி எடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

வேரோனிக்கா சுடும் கோட்டில் போய் நின்றாள். திறந்து பார்த்தாள், தோட்டாக்களைப் போட்டாள், சொல்லித் தந்தபடி மரப்பிடியைத் தோளில் அணைத்தாள். "புல்!" என்று, தட்டை எறியச் சொல்லும் ஆங்கிலச் சொல்லைக் கத்தினாள். மெசின் தட்டை எறிந்தது. அவள் சுட்டாள்.

தட்டு தன்பாட்டுக்குப் பறந்து போய்ப் புல்லில் விழுந்தது. பின்னால் நின்ற கழகக்காரர் இருவர் சிரித்தார்கள். தட்டுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று வேரோனிக்கா நினைத்தாள். திரும்பிப் பார்க்க முன், குழலை நிலத்துக்குத் தாழ்த்தி, துவக்கைத் திறந்து, தோட்டாக்களை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு திரும்பினாள்.

சீமோன் குப்புறக் கிடந்தான். தோட்டாப் பை ஒரு பக்கம். காதுக்குப் போட்ட கவசம் ஒரு பக்கம். கைகள் இரண்டும் பிடரியில் கோர்த்திருந்தன. முகம் புல்லுக்குள்.

வேரோனிக்கா சிரிக்கவில்லை. போய் அவனுக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தாள். சிரித்தவர்களை மிஸஸ் கோவால்ஸ்கி ஒரு பார்வை பார்த்தார். அவர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். யுத்த காலத்துப் போலந்திலும் புல் இருந்திருக்கும், அதில் ஆட்கள் இப்படிக் கிடந்திருப்பார்கள்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "நான்தான் சுட்டனான்."

"தெரியும்," என்றது புல்லுக்குள் இருந்து ஒரு குரல். "எனக்குத் தெரியும். உடம்புக்குத்தான் தெரியேல்லை."

அவள் அவன் முதுகில் கையை வைத்தாள். அது குதிரை முதுகுபோல் துடித்துக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல அடங்கியது.

"வீட்டை போவமோ?"

சீமோன் தலையைத் தூக்கினான். மூக்கில் மண். "தட்டு உடைஞ்சதோ?"

"இல்லை."

"ஒண்டுகூட?"

"ஒண்டுதானே சுட்டனான். அதுக்குள்ளை நீங்கள் படுத்திட்டியள்."

அவன் எழும்பி இருந்தான். காற்சட்டையைத் தட்டினான். கவசத்தை எடுத்துக் காதில் மாட்டினான், போதாதென்று அதற்கு மேலே இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டான். பிறகு அந்தப் பெரிய குரலில், தன் காதுக்கே கேட்காததால் இன்னும் பெரிதாக, வயல் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்:

"சுடு, வேரோனி! நான் நிக்கிறன்!"

இரண்டாவது தட்டும் உடையவில்லை. மூன்றாவது ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்தது. சீமோன் ஒவ்வொன்றுக்கும் கண்ணை இறுக மூடினான், ஆனால் நின்றான். வேரோனிக்கா தன் தோளைத் தடவிவிட்டு அடுத்த தோட்டாவுக்குக் கையை நீட்டினாள்.